மஞ்சப்பையில் தாத்தாவின் திருநீறு

தாத்தாவின் எண்பதாம் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மஞ்சள் காடாத் துணியில் 200 பைகள். ஒரு பக்கம் பெயரும் தேதியும், மறுபக்கம் தாத்தாவும் ஆச்சியும் கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். யோசனை சித்தப்பாவுடையது. "கம்ப்யூட்டர் படித்தவன் நீதானே, பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்குப் படத்தை எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "தம்பி, ஸ்கிரீனில் ஒரு இடத்தில் மை இறங்கும், இல்லையென்றால் இறங்காது. நடுவில் சாம்பல் என்று ஒன்று கிடையாது. இதைப் புள்ளியாக்கிக் கொண்டு வாருங்கள்" என்றார். அங்குலத்துக்கு 120 இழை உள்ள மெஷ்தான், அதாவது ஸ்கிரீனின் வலைதான், துணிக்குப் போடுவாராம். இழை எண்ணிக்கையை நாலால் வகுத்தால் வருவதுதான் ஓர் அங்குலத்தில் வைக்கக்கூடிய புள்ளி வரிசை, அதாவது முப்பது. அதைத் தாண்டினால் புள்ளி மெஷ்ஷில் உட்காராது. அச்சாகும் அகலம் 6 அங்குலம், உயரம் ஏழரை. ஆக, குறுக்கே மொத்தம் 180 புள்ளிகள். இரண்டு முகம், ஒரு பட்டுப்புடவை, ஸ்டூடியோவின் தூண் வரைந்த திரை, எல்லாம் அந்த 180க்குள் அடங்க வேண்டும்.

பைத்தான் நிரல்மொழியும் பில்லோவும் போதும் என்று உட்கார்ந்தேன். பில்லோவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஃபிரெட்ரிக் லுண்ட் தொண்ணூறுகளில் தொடங்கிய பைத்தான் படநிரலகம் 2009க்குப் பிறகு புதிய பதிப்பில்லாமல் நின்றது, 2010இல் அலெக்ஸ் கிளார்க் அதிலிருந்து பிரித்து வளர்த்ததுதான் பில்லோ. நிறுவும்போது பில்லோ என்று கேட்க வேண்டும், நிரலில் அழைக்கும்போது பழைய பிஐஎல் என்ற பெயரையே எழுத வேண்டும். முதல் நாளில் எல்லோரும் தடுக்கி விழும் படி இது.

முதல் மாலை முழுவதும் விளையாட்டில் போயிற்று. இமேஜ்ஃபில்டர் பகுதியில் ஆயத்தமாக இருக்கும் விளைவுகளை ஒவ்வொன்றாகப் படத்தின் மேல் ஓட்டிப் பார்த்தேன். எம்பாஸ் போட்டதும் தாத்தா பழைய காசில் அச்சடித்த ராஜா போல ஆகிவிட்டார். உள்ளே நடப்பது மிக எளிமையானது: ஒவ்வொரு பிக்சலின் மதிப்பிலிருந்தும் (0 கறுப்பு, 255 வெள்ளை) அதன் கீழ் இடது மூலையில் இருக்கும் பிக்சலின் மதிப்பைக் கழித்து, 128ஐக் கூட்டுகிறது. பக்கத்தில் மாற்றமில்லாத இடமெல்லாம் 128, அதாவது நடுச்சாம்பல். மாற்றம் உள்ள இடம் மட்டும் வெளுத்தோ கறுத்தோ மேடு பள்ளமாகத் தெரிகிறது. கான்டூர் இன்னொரு வகை. மையப் பிக்சலை எட்டால் பெருக்கி, சுற்றியுள்ள எட்டையும் கழித்து, 255ஐக் கூட்டுகிறது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு கிடைக்கும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த கட்டடப் படத்துக்கு அது அழகு. எங்கள் படத்திலோ ஐம்பது வருடத்துப் பூஞ்சைக் கறை, மடிப்பு, சட்டத்தின் பலகை உரசிய கீறல் அத்தனைக்கும் கோடு போட்டுக் கொடுத்தது. ஆச்சியின் கன்னத்தில் தாமிரபரணியும் அதன் கிளைக் கால்வாய்களும் ஓடின.

அடுத்து, ஒரே வரியில் வேலை முடிந்துவிட்டது என்று நம்பவைத்த ஒன்று. படத்தைக் கான்வர்ட் என்ற செயலுக்குக் கொடுத்து 'ஒன்று' என்ற வகைக்கு மாற்றச் சொன்னால், கறுப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள படம் வந்துவிடும். ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976இல் வெளியிட்ட முறையைப் பில்லோ தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு பிக்சலைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தீர்மானித்ததும் மிஞ்சுகிற பிழையைப் பதினாறு பங்காக்கி, வலப்பக்கத்துக்கு ஏழு, கீழே இடப்பக்கத்துக்கு மூன்று, நேர் கீழே ஐந்து, கீழே வலப்பக்கத்துக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறது. பந்தியில் கடைசி இலை வரை ஒரு கரண்டிகூட வீணாகாமல் பரிமாறுகிற சாமர்த்தியம். திரையில் பார்த்தால் அசல் புகைப்படம் போலவே இருந்தது.

மறுநாள் அண்ணாச்சி அதை ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. "இது பொடி. ஸ்கிரீனில் நிற்காது."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. ஸ்கிரீன் தயாரிக்க வைக்கும் ஃபிலிமை அங்குலத்துக்கு 600 பிக்சல் அளவில் எடுக்கிறோம். ஒரு பிக்சலின் அகலம் 0.04 மில்லிமீட்டர் அளவு. மெஷ்ஷில் ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்குள்ள தூரமோ 0.21 மில்லிமீட்டர். சல்லடைக் கண்ணைவிடப் பொடியாக இருக்கும் மாவைச் சல்லடையில் நிறுத்தப் பார்த்த கதை. நமக்கு வேண்டியது சிதறிய பொடி இல்லை; சம இடைவெளியில் நின்று, அளவில் மட்டும் பெருத்தும் சிறுத்தும் காட்டும் புள்ளி. பத்திரிகைப் படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியுமே, அது. ஹாஃப்டோன்.

புள்ளிக்குப் போகும் முன் படத்தைக் குளிப்பாட்டும் வேலை இருந்தது. ஸ்கேன் செய்து திறந்தால் மிகக் கறுத்த இடமே 70, மிக வெளுத்த இடம் 205. பில்லோவின் ஆட்டோகான்ட்ராஸ்ட் அதை 0க்கும் 255க்கும் இழுத்துவிடும் என்று நம்பிக் கொடுத்தேன், ஒன்றும் அசையவில்லை. படத்தைச் சுற்றி ஸ்டூடியோக்காரர் விட்டிருந்த வெள்ளை விளிம்பும், ஸ்கேனரின் கறுப்பு ஓரமும் ஏற்கெனவே இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டிருந்தன. ஓரத்தை வெட்டியெறிந்து, இரு முனையிலும் ஒரு விழுக்காட்டை விட்டுவிடச் சொன்ன பிறகு முகத்தில் உயிர் வந்தது. தாளின் மேற்பரப்பு நெசவுத் துணி போலச் சொரசொரப்பு வைத்தது. அந்தச் சொரசொரப்பு பின்னால் புள்ளி வரிசையோடு மோதி அலையலையாகக் கோடு கிளப்பும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றியுள்ளவற்றின் நடு மதிப்பை வைக்கும் மீடியன் வடிகட்டியை ஐந்துக்கு ஐந்து அளவில் ஒரு முறை ஓட்டியதில் அது அடங்கியது. கூடவே பூஞ்சைப் பொட்டுகளில் பாதியும் போயிற்று.

இதற்கிடையில் ஒரு மடத்தனம். மஞ்சள் பையில் மை இறங்காத இடம் மஞ்சளாகத்தானே இருக்கும், எனவே படம் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கட்டும் என்று, பிக்சல் மதிப்புகளின் பட்டியலை நம்பையிடம் (பைத்தானின் எண்கணக்கு நிரலகம்) கொடுத்து எல்லா மதிப்பிலும் 70ஐக் கூட்டினேன். தாத்தாவின் வெள்ளை ஜிப்பாவில் கரியைக் கொட்டியது போல ஆகிவிட்டது. எட்டு பிட் எண்ணில் 255க்கு மேல் இடமில்லை; 200உம் 70உம் சேர்ந்த 270, 256ஐக் கழித்துக்கொண்டு 14ஆக நின்றுவிடும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி ஒன்பதுகள் முடிந்து பூச்சியத்துக்குத் திரும்புவது போல. பில்லோவின் சொந்தக் கூட்டல் 255இல் நிறுத்திக்கொள்ளும், நம்பை நிறுத்தாது. இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் கூட்டுவதற்கு முன் பதின்ம எண்ணாக மாற்றி, கடைசியில் வெட்டிக்கொள்ள வேண்டும். படத்தின் அளவைக் கேட்டால் பில்லோ அகலத்தை முதலில் சொல்லும், நம்பை உயரத்தை முதலில் சொல்லும் என்பதையும் அன்றே இன்னொரு முறை கற்றேன். நான் இதை வருடத்துக்கு இரண்டு முறை கற்கிறேன்.

புள்ளி முயற்சி ஒன்று. 6 அங்குலத்துக்கு 600 வீதம் 3600 பிக்சல். குறுக்கே 180 கட்டம். எனவே கட்டத்துக்கு 20 பிக்சல். ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி வெளிச்சத்தை எடுத்து, எவ்வளவு இருட்டோ அவ்வளவு பெரிய வட்டத்தைப் பில்லோவின் இமேஜ்டிராவில் வரைந்தேன். இருபது வரி நிரல். வந்த படம் சோகை பிடித்தது போல இருந்தது: நடுத்தர நிழலெல்லாம் வெளிறிப்போய், கறுப்பும் கறுப்பாக இல்லை.

இரண்டு குற்றம், இரண்டும் பள்ளிக்கூடத்து வடிவியல். இருட்டுக்கு நேர் விகிதத்தில் ஆரத்தை வைத்தேன். ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஆரம் இல்லை, மை மூடும் பரப்பு. பாதி இருட்டுக்குப் பாதி ஆரம் வைத்தால் பரப்பு கால்தான். ஆரத்துக்கு இருட்டின் வர்க்கமூலத்தை எடுத்ததும் நிழல்கள் இடத்துக்கு வந்தன. இரண்டாவது, கட்டத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டம்கூட அதன் பரப்பில் 78.5 விழுக்காட்டைத்தான் மூடும். நாலு மூலையும் எப்போதும் திறந்தே கிடக்கும். முழுக் கறுப்பு வேண்டுமென்றால் வட்டம் கட்டத்தைத் தாண்டி வழிய வேண்டும், ஆரம் பக்கத்தில் 0.707 பங்கு வரை போக வேண்டும். அதுவும் செய்தேன். தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தாத்தா தாத்தாவாகவே இருந்தார். சித்தப்பா "பலே" என்றார்.

ஆச்சி கிட்டே போய்ப் பார்த்தாள். "தாத்தா நெற்றியில் திருநீறு எங்கே ஐயா?"

உண்மையில் காணவில்லை. அசல் படத்தில் மூன்று பட்டையும் பளிச்சென்று இருக்கின்றன. குளித்துவிட்டு வந்து, மூன்று விரலையும் குழைத்த நீற்றில் தோய்த்து இழுத்துவிட்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனதாக ஆச்சி சொல்கிறாள். என் அச்சில் அந்த இடத்தில் இருந்தது வெளுத்த ஒரு திட்டு. முகத்தைப் பிக்சல் பிக்சலாகப் பெரிதாக்கி அளந்தேன். அச்சு அளவில் ஒரு பட்டையின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், இடைவெளியும் அதே. புள்ளியின் கட்டம் 0.85 மில்லிமீட்டர். பட்டை ஒரு கட்டத்தில் பாதி, அடுத்ததில் பாதி என்று விழுந்ததால், சராசரி எடுத்த கணமே நீறும் நெற்றியும் ஒன்றாகக் குழைந்துவிட்டன. புள்ளியைச் சிறிதாக்கலாம் என்றால் மெஷ் விடாது. படத்தைப் பெரிதாக்கலாம் என்றால் பை விடாது.

அன்று இரவு வட்டம் வரையும் நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய அச்சுக்காரர்கள் கண்ணாடித் திரையை ஃபிலிமுக்கு முன்னால் வைத்துச் செய்ததைக் கணக்கில் செய்ய உட்கார்ந்தேன். சராசரி எடுப்பதே இல்லை. படத்தின் அளவுக்கே, 3600க்கு 4500, இன்னொரு பட்டியல் தயார் செய்ய வேண்டும். அதில் வெளிச்சம் மேடும் பள்ளமுமாக முட்டைப் பெட்டியின் அட்டை போல ஏறி இறங்கும். குறுக்கே ஒரு கொசைன் அலை, நெடுக்கே ஒரு கொசைன் அலை, இரண்டையும் கூட்டினால் அந்த மேடு பள்ளம் வந்துவிடும். அலையின் நீளம் 20 பிக்சல். பிறகு ஒரே ஒரு ஒப்பீடு: படத்தின் பிக்சல், அதே இடத்தில் உள்ள மேட்டைவிட வெளிச்சமா? ஆம் என்றால் வெள்ளை, இல்லை என்றால் கறுப்பு. அவ்வளவே. இருண்ட புள்ளி வெளுத்த இடத்தில் சிறியதாகவும், பாதிச் சாம்பலில் சதுரங்கப் பலகை போலவும், இருட்டில் வெள்ளைத் துளையாகவும் தானே உருமாறிக்கொள்கிறது. ஒரு கோடியே அறுபத்திரண்டு லட்சம் பிக்சல். பைத்தான் சுற்றில் ஒவ்வொன்றாக எடுத்தால் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரலாம், நம்பையில் மொத்தமாக ஒப்பிட்டால் கண் சிமிட்டும் நேரம்.

இதிலும் ஒரு முள் உண்டு. இரண்டு கொசைனைக் கூட்டினால் கிடைக்கும் மதிப்புகள் சீராகப் பரவியிருப்பதில்லை, நடுவில் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அப்படியே ஒப்பிட்டால் நடுத்தர நிழல்கள் சட்டென்று கறுப்புக்கோ வெள்ளைக்கோ தாவுகின்றன. மதிப்புகள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, மதிப்புக்குப் பதிலாக அதன் வரிசை எண்ணை வைத்துக்கொண்டேன். ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பது போல. சரியாகிவிட்டது.

ஆனால் நான் திரையை உற்றுப் பார்த்தது நிழலுக்காக இல்லை, நெற்றிக்காக. பட்டை ஒரு புள்ளியின் நடுவே போகும் இடத்தில், புள்ளி முழுதாக மறையாமல் பாதியாக அறுபட்டு நின்றது. மேல்பாதி நெற்றி, கீழ்பாதி நீறு. அடுத்த புள்ளியும் அதே மட்டத்தில் அறுபட்டது. அறுபட்ட விளிம்புகளைக் கண் தானாகவே கோர்த்துக் கோடாக்கிக்கொள்கிறது. புள்ளி போடும் முன்னால், விளிம்புகளைக் கூர்மையாக்கும் அன்ஷார்ப் மாஸ்க்கை, ஆரம் எட்டு, வலிமை 150 என்று ஒரு முறை ஓட்டியதும் மூன்று பட்டைகளும் தனித்தனியாக எண்ணும்படி வந்துவிட்டன. திரையில் பார்த்தால் அந்த வலிமை அசிங்கமாக இருக்கும். முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் அடிக்கும். அச்சில் அந்த அசிங்கத்தைப் புள்ளிகள் விழுங்கிவிடுகின்றன. ஸ்கிரீனுக்குப் படம் செய்யும்போது திரையில் அழகாகத் தெரிவதை நம்பக்கூடாது என்பதை நான் இரண்டு ஃபிலிம் செலவில் கற்றேன்.

ஆச்சியின் மூக்குத்திக்கு இந்த வைத்தியம் பலிக்கவில்லை. அது அச்சு அளவில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, போதாததற்கு மீடியன் வடிகட்டி அதைப் பூஞ்சை என்று நினைத்து முன்பே துடைத்திருந்தது. வெட்கத்தை விட்டுக் கையாலேயே வைத்தேன்: புள்ளியாக்கிய படத்தின் மேல், ஆச்சியின் மூக்கில், 12 பிக்சல் ஆரத்தில் ஒரு வெள்ளை வட்டம். தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஸ்டூடியோக்காரர்கள் அந்தக் காலத்தில் பென்சிலும் தூரிகையும் வைத்துச் செய்ததுதான்.

கோப்பைக் கைப்பேசிச் செயலி வழியாகக் கடைக்கு அனுப்பினேன். அந்தச் செயலி படத்தைச் சுருக்கி, புள்ளிகளின் ஓரத்தையெல்லாம் சாம்பலாக்கி, மூன்றில் ஒரு பங்கு அளவில் கொடுத்திருக்கிறது. அண்ணாச்சி போனில் "எல்லாம் புகையாக வந்திருக்கிறதே" என்றார். பென் டிரைவில் எடுத்துப் போனால் அடுத்த கூத்து. சேமிக்கும்போது அங்குலத்துக்கு 600 என்பதைக் கோப்புக்குள் எழுத மறந்திருந்தேன். கடைக் கணினி 72 என்று எடுத்துக்கொண்டு 50 அங்குல அகலத்தில் விரித்துக் காட்டியது. "தம்பி, தாம்பூலப் பையா, நெல்லு மூட்டைச் சாக்கா?" உதவிக்கு இருந்த பையன் மூலையைப் பிடித்துக் கண்ணளவில் இழுத்துச் சிறிதாக்கப் போனான். ஓடிப்போய்த் தடுத்தேன். புள்ளியாக்கிய படத்தை ஒரு மயிரிழை சுருக்கினாலும் புள்ளிகள் சீராக விழாமல் படம் முழுக்க வரிவரியாக அலை கிளம்பும். அளவை முதலில் முடிவு செய்து, புள்ளியைக் கடைசியாகப் போட வேண்டும். போட்ட பிறகு தொடக்கூடாது.

சோதனைக்கு ஒரு பையில் அடித்தார். ஃபிலிமில் கறுப்பாக உள்ள இடத்தில் ஒளி படாததால் ஸ்கிரீனில் பூசிய எமல்ஷன் என்ற பூச்சு இறுகாமல் தண்ணீரில் கரைந்து போய்விடும், அந்த வழியாக மை இறங்கும் என்று செய்துகொண்டே விளக்கினார். ரப்பர் பட்டையை ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கினால், அரக்கு நிறத்தில் இரண்டு பேர். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இருவருமே வெயிலில் வயல் வேலை செய்துவிட்டு வந்தது போலக் கறுத்திருந்தார்கள். துணி மையை உறிஞ்சி ஒவ்வொரு புள்ளியையும் பெருக்கிவிட்டது. படத்தோடு ஓரத்தில் நான் வைத்திருந்த பாதிச் சாம்பல் கட்டம், கண் மதிப்பில் எழுபது விழுக்காடு போலத் தெரிந்தது. ஆச்சியின் புடவைக்கட்டில் மெல்லிய அலைக் கோடும் ஓடியது. புள்ளி வரிசை நான் வைத்த கோணத்தில் மெஷ் இழையோடு மோதுகிறது. "இருபத்திரண்டரை டிகிரி சாய்த்துக் கொண்டு வாருங்கள்" என்றார் அண்ணாச்சி. கோணத்தை அரை டிகிரி துல்லியத்தில் மனப்பாடமாக வைத்திருந்தவர் அதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. முப்பது வருடக் கை சொல்லியது.

கோணம் மாற்றுவது கொசைனுக்குள் இரண்டு எண்களை மாற்றும் வேலை. கறுப்பைக் குறைக்க, பில்லோவின் பாயின்ட் செயலுக்கு 256 எண்கள் கொண்ட பட்டியல் கொடுத்தேன்: பாதிச் சாம்பலாக வருவதைத் துணியில் பெருத்த பிறகு பாதியாக நிற்கும்படி முன்கூட்டியே வெளுக்கச் செய்யும் வளைவு. மிக மெல்லிய பத்து விழுக்காட்டுக்குக் கீழே புள்ளி மெஷ்ஷில் நிற்காது; எண்பத்தைந்துக்கு மேலே வெள்ளைத் துளை அடைந்துபோகும். அந்த இரண்டு எல்லைக்குள்ளேயே முழுப் படத்தையும் அடக்கினேன். தாத்தாவின் வேட்டி முழு வெள்ளையாக இருந்தால் பையின் மஞ்சளோடு கலந்து கால் இல்லாத மனிதராக ஆகிவிடுவார் என்பதால் பின்திரையை மட்டும் ஒரு படி இருட்டாக்கினேன்.

அடுத்த இழுப்பில் எல்லாம் சரியாக விழுந்தது. நெற்றியில் மூன்று பட்டை. 200 பையும் அன்று மாலைக்குள் முடிந்தது. வீட்டுக் கூடத்தில் கயிறு கட்டிக் காயப்போட்டோம்.

காய்ந்ததை மடிக்கும்போது ஆச்சி ஒவ்வொரு பையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்து இரண்டு அடுக்காக வைத்துக்கொண்டிருந்தாள். அச்சு ஓட ஓட ஸ்கிரீனின் அடியில் மை தேங்கி மூக்குத்தியின் சிறு துளையை மூடியிருக்கிறது, அண்ணாச்சி துடைத்ததும் திரும்ப வந்திருக்கிறது, மறுபடி மூடியிருக்கிறது. மூக்குத்தி இருக்கிற பை ஓர் அடுக்கு, இல்லாதது ஓர் அடுக்கு. இருக்கிற அடுக்கில் 130 சொச்சம் தேறியது.

"இதெல்லாம் சம்பந்தி வீட்டாருக்கு" என்று அதைத் தனியாக எடுத்து பீரோவுக்குள் வைத்தாள்.